ஏழாம் அறையின் எடை

கோரையூர் ஏரியில் மிதந்த அந்த ஒன்பது அறைகளுக்கும் மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வோர் அறையின் அடியிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி இருந்தது. அறை தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, உள்ளே எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அது கணக்கிடும். கணக்கிட்டதை மற்ற எட்டுக் கருவிகளுக்கும் சொல்லும். ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தால், எதிர்ப்பக்கத்து அறைகள் தங்கள் கயிறுகளை இழுத்தோ தளர்த்தியோ சமன் செய்துகொள்ளும். யாரும் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை. அறைகளே பேசி, அறைகளே ஓட்டுப் போட்டு, அறைகளே முடிவெடுக்கும்.

சென்னையின் ஏரிகள் ஆண்டுக்கு இரண்டு தடவை கரை தாண்டத் தொடங்கியிருந்த காலம் அது. கட்டடக் கலைக் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவர்கள் ஒன்பது பேர், ஆளுக்கு ஓர் அறையாக அதைக் கட்டினார்கள். பழைய பிளாஸ்டிக் டிரம்கள், மூங்கில், கம்பிவலைமேல் பூசிய மெல்லிய சிமெண்டு. நடுவில் வட்டமாக ஒரு மேடை, அதைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி ஒன்பது அறைகள். ஒவ்வோர் அறையும் ஓர் இரும்புக் கொக்கியால் மேடையோடு கோத்திருந்தது. மேடை, ஏரித் தரையில் இறக்கிய நான்கு தூண்களோடு கட்டப்பட்டிருந்தது.

அறைகள் முடிவெடுக்கும் விதிகளை எழுதியவள் பெனிட்டா. தூத்துக்குடிக்காரி. வரைபடத்தைவிடக் கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். ஆறாம் அறையைக் கட்டியதும் அவள்தான்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வகுப்பில் அந்தப் பேச்சு வந்தது.

"நாலு தூணும் எட்டு டன் இழுப்பு வரைக்கும்தான் மேடம் தாங்கும்," என்றாள் பெனிட்டா. "வெள்ளத்துல அதுக்கு மேல போச்சுன்னா மொத்தமா பிச்சுக்கிட்டுப் போயிடும். அந்த நேரத்துல ஒரு அறையை மட்டும் கழட்டி விட்டுட்டா இழுப்பு குறையும். மீதி எட்டும் நிக்கும்."

"எந்த அறையைக் கழட்டுவே?" என்று கேட்டார் பேராசிரியை லோகநாயகி.

"இருக்கறதுலயே எடை கம்மியா இருக்கறதை. ஆள் இல்லாத அறைதானே எடை கம்மியா இருக்கும்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த இர்ஃபான் நிமிர்ந்தான். ஐந்தாம் அறையைக் கட்டியவன் அவன். "எடைக்கு ஆளும் தெரியாது, சிமெண்ட் மூட்டையும் தெரியாது பெனிட்டா. ஒரு அறையில நாலு மூட்டை, இன்னொண்ணுல ஒரே ஒரு ஆள்னா என்ன பண்ணும்?"

"அப்படி எப்ப நடக்கும்? வெள்ளம்னா எல்லா ரூமும் நிரம்பித்தான் இருக்கும்."

"கொக்கி தானா திறக்க வேண்டாம். யாராவது போய்க் கதவைத் திறந்து உள்ள பார்த்துட்டுக் கையால கழட்டட்டும். இல்ல, உடம்புச் சூட்டை வச்சு ஆள் இருக்கான்னு கண்டுபிடிக்கிற கருவி போடுவோம்."

"கையாலன்னா யார் போவா? ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. சூட்டுக் கருவி வரவழைச்சு, ஒன்பது அறைக்கும் மாட்டி, சோதிச்சு முடிக்க ஒரு மாசம் ஆகும். நமக்கு மூணு வாரம்தான் இருக்கு."

லோகநாயகி கைதூக்கச் சொன்னார். அந்தக் கட்டுமானத்தில் எல்லாமே அப்படித்தான் முடிவானது, கூரையின் நிறம் உட்பட. எட்டுக் கைகள் பெனிட்டாவின் விதிக்கு எழுந்தன. இர்ஃபான் கையைத் தூக்கவில்லை. ஆனால் அதற்குப்பின் அவன் அதைப்பற்றிப் பேசவும் இல்லை. மறுநாள் காலை தன் அறைக்கு மூங்கில் கட்டப் போய்விட்டான்.

பத்து நாள் கழித்து ஏரியில் சோதனை நடந்தது. கொக்கிகள் திறக்காதபடி பூட்டு மாட்டிவிட்டு, எட்டு அறைகளில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். பெனிட்டா கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஆறாம் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே மற்றவர்கள் ஒரு படகில் மோட்டாரைப் பூட்டி மேடையை இழுத்தார்கள். இழுப்பு எட்டு டன்னைத் தொட்டதும் திரையில் ஒன்பது ஓட்டுகளும் வந்து விழுந்தன. விடுவிக்க வேண்டிய அறை: ஆறு.

அவள் உட்கார்ந்திருந்த அறை. சுற்றிலும் இருந்தது மணல்.

அவள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கணினியை மூடிவிட்டு வெளியே வந்தாள். "ஓட்டு சரியா விழுதா?" என்று இர்ஃபான் கேட்டான். "விழுது," என்றாள். அது பொய் இல்லை.

கண்காட்சி நன்றாக நடந்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. ஏரிக்கரைக் குடியிருப்பு ஆட்கள் முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு அதை மெல்ல மெல்லத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஓர் அறையில் பெண்கள் தையல் மெஷின் போட்டார்கள். இன்னோர் அறையில் மாலையில் பிள்ளைகள் படித்தார்கள். ஐந்தாம் அறையை இர்ஃபான் நூலகமாக்கினான். அவன் அறையின் கூரைதான் ஒன்பதிலும் மோசமாக ஒழுகியது என்று எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள்.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. தூண்களின் கட்டுகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மூன்றாம் நாள் கிளம்பிப் போன பெனிட்டாவும் இர்ஃபானும் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். சாலை மூழ்கிவிட்டது. குடியிருப்பின் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். நான்காம் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தும் படகில் தொற்றியும் அறைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். இர்ஃபான் தலை எண்ணினான். நூற்று நாற்பத்தைந்து பேர்.

அதில் ஒருத்தி கோமளா. குழந்தை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அவள் கணவன் தணிகைவேல் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். மனைவியைத் தோளில் தாங்கியும் குழந்தையைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் தலைமேல் பிடித்தும் கொண்டுவந்து சேர்த்திருந்தான்.

"பச்ச ஒடம்புக்காரி, கூட்டத்துல எப்படிப் பால் குடுப்பா," என்று தையல் பெண்களில் ஒருத்தி சொன்னாள். ஏழாம் அறைதான் ஒன்பதிலும் சின்னது. அதிலிருந்த இருபது பேரும் எழுந்து, ஏற்கெனவே நெரிசலாயிருந்த மற்ற அறைகளுக்கு நகர்ந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு கிழவர் தன் போர்வையைக் கூட விட்டுவிட்டுப் போனார். பெனிட்டா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. எடையைப்பற்றி அவள் நினைக்கவே இல்லை.

பதினொன்றரை மணிவாக்கில் தெற்குத் தூணின் கட்டு தளர ஆரம்பித்தது. இர்ஃபானும் இரண்டு பேரும் இரண்டாவது கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் போதவில்லை. பெனிட்டாவுக்குப் பக்கத்தில் இருந்தது ஏழாம் அறையின் கதவு. தட்டினாள்.

"அண்ணா, ஒரு கை குடுக்கறீங்களா? கயிறு இழுக்கணும்."

தணிகைவேல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இதோ," என்று எழுந்தான். குழந்தையைக் கோமளாவிடம் கொடுத்தான். "பத்து நிமிஷத்துல வந்துட்றேன். கதவைச் சாத்திக்க, சாரல் அடிக்குது."

அவன் வந்து கயிற்றைப் பிடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கிழக்கே ஏரியின் கரை உடைந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தண்ணீர் முழுதும் ஒரே பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. மேடை முனகியது. நான்கு கயிறுகளும் கம்பிபோல விறைத்தன. கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் உள்ளங்கை தோல் உரிந்தது.

பிறகு 'டக்' என்று ஒரு கொக்கி திறக்கும் ஓசை கேட்டது. மேடையின் முனகல் உடனே அடங்கியது.

வேலை செய்கிறது என்று பெனிட்டா நினைத்தாள். அரை நொடி, அவ்வளவுதான். தான் எழுதிய ஒன்று சரியாக வேலை செய்யும்போது வரும் சந்தோஷம் அவளுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பி எந்த அறை என்று பார்த்தாள்.

ஏழாம் அறை மெதுவாகத்தான் விலகியது, ஸ்டாண்டிலிருந்து பஸ் கிளம்புகிற மாதிரி. கதவு சாத்தியபடியே இருந்தது. தணிகைவேல் கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். விளிம்பிலிருந்து குதிக்கப்போனவனை மூன்று பேர் கட்டிப் பிடித்தார்கள். அறை உடைப்பை நோக்கித் திரும்பியது. வேகம் கூடியது. உடைப்பின் வாயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கவிழ்ந்து, அந்தப் பக்கம் போய்விட்டது.

மற்ற எட்டு அறைகளும் நின்றன. தூண்களும் நின்றன. மூன்று மணிக்கு மீட்புப் படகுகள் வந்தபோது அவற்றில் நூற்று நாற்பத்து மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள்.

கோமளா இரண்டாம் நாள் வயல்வெளியில் கிடைத்தாள். குழந்தையைக் கையில்தான் வைத்திருந்தாள். இறந்தவர்கள் பட்டியலில் 'பெயரிடப்படாத பெண் குழந்தை' என்று எழுதினார்கள்.

அந்த ஒரு வாரத்தில் பெனிட்டா பிரபலமானாள். மாணவர்கள் கட்டிய மிதக்கும் அறைகள் நூற்று நாற்பத்து மூன்று பேரைக் காப்பாற்றின என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஏழாம் அறையின் இணைப்பு வெள்ளத்தில் அறுந்துபோனது என்று அவற்றில் இருந்தது. யாரோ ஒருவர் முதலில் அப்படிச் சொல்லியிருக்கிறார். பிறகு எல்லோரும் அதையே எழுதியிருக்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து அம்மா போன் செய்தாள். "பூசையில ஃபாதர் ஒன் பேரச் சொல்லி செபம் பண்ணாருட்டி. எல்லாரும் என்னையத் திரும்பித் திரும்பிப் பாக்காக." பெனிட்டா "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கும் "சரிம்மா" என்றே சொன்னாள்.

லோகநாயகி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "விதி என்ன செஞ்சதுன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்," என்றார். "விசாரணைக் குழு வரும், அதுகிட்ட இதை மறைக்க வேண்டாம். ஆனா ஒண்ணு நினைச்சுக்கோ. அந்தக் கொக்கி திறக்கலைன்னா நூத்தி நாப்பத்தஞ்சு பேரும் போயிருப்பாங்க. அரசாங்கத்துல நாப்பது ஏரியில இதே மாதிரி கட்டப் போறாங்க, உன் விதியை வச்சே. எத்தனை ஆயிரம் பேர் பிழைப்பாங்க தெரியுமா?"

"அதே விதியா மேடம்?"

"அதேதான். சோதிச்சு நிரூபிச்ச விதின்னு குறிப்பு எழுதியிருக்காங்க."

அன்று மதியம் பெனிட்டா கருவிகளின் பதிவைத் திறந்தாள். அதுவரை அவள் அதைத் திறக்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு வரியாக, ஒவ்வோர் அறையின் பாரமும் அதில் இருந்தது.

பதினொன்று முப்பத்தெட்டு. எட்டு டன்னைத் தாண்டியது இழுப்பு. ஒன்பது அறைகளும் ஓட்டுப் போட்டன. ஒன்பதும் ஏழாம் அறைக்கு. ஏழாம் அறையே தன்னைக் கழற்றிவிடச் சொல்லித் தானும் ஓட்டுப் போட்டிருந்தது. அதன் பாரம் அறுபத்தொரு கிலோ. ஒரு தாய், ஒரு குழந்தை, ஒரு கூடை, ஒரு போர்வை.

அதற்கு அடுத்தபடி குறைவாக இருந்தது ஐந்தாம் அறை. கூரை ஒழுகியதால் அங்கே யாரும் போகவில்லை. தார்ப்பாய் போர்த்திய புத்தகங்கள் மட்டும். தொண்ணூற்று நான்கு கிலோ.

அவள் விரல் மேலே நகர்ந்தது. பதினொன்று முப்பத்தொன்று. அப்போது ஏழாம் அறையின் பாரம் நூற்று இருபத்தெட்டு கிலோ. அடுத்த வரியில் அறுபத்தொன்று.

அந்த ஒரு நிமிஷத்தில் அறுபத்தேழு கிலோ எடையுள்ள ஒருவன் அந்த அறையை விட்டு வெளியே போயிருக்கிறான். அவன் போகாமல் இருந்திருந்தால் ஒன்பது அறைகளும் புத்தகங்களைக் கழற்றிவிட்டிருக்கும். நூற்று நாற்பத்தைந்து பேரும் பிழைத்திருப்பார்கள்.

கதவைத் தட்டி அவனைக் கூப்பிட்டவள் அவள்.

நான்கு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் தணிகைவேலைத் தேடிப் போனாள். மேடவாக்கம் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் மாடியில் வேலை செய்துகொண்டிருந்தான். இவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வந்துவிட்டானா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து, ரப்பர் சுத்தியால் டைல்ஸைத் தட்டித் தட்டிச் சமன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாம்மா. அன்னிக்கி கயிறு இழுத்தப்ப உன் கையும் கிழிஞ்சிச்சே, ஆறிடிச்சா?"

"ஆறிடுச்சுண்ணா."

கவிழ்த்து வைத்திருந்த ஒரு பக்கெட்டை அவளுக்கு இழுத்துப் போட்டான். "வூட்ல இருக்க முடியலம்மா. அதான் வந்துட்டேன். இங்க குனிஞ்சிக்கினே இருந்தா ஒண்ணும் தெரியல."

"அண்ணா, இணைப்பு அறுந்துபோச்சுன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க."

"ஆமா."

"அறுந்துபோகலை. அது தானா திறந்துச்சு. அப்படித் திறக்கணும்னு எழுதி வச்சது நான்."

அவன் சுத்தியைக் கீழே வைத்தான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். கொக்கி எதற்காக, எட்டு டன் என்றால் என்ன, எடை குறைந்த அறையைக் கழற்றிவிடும்படி தான் எழுதியது, ஆள் போய்ப் பார்க்கட்டும் என்று இர்ஃபான் சொன்னது, தானும் மற்றவர்களும் அதைக் கேட்காதது. சோதனை நாளில் தான் உட்கார்ந்திருந்த அறையையே கருவிகள் கழற்றச் சொன்னதையும், அதை யாரிடமும் சொல்லாமல் கணினியை மூடியதையும்கூடச் சொன்னாள். இதுவரை வாய்விட்டு யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. அவன் நடுவில் குறுக்கிடவில்லை. டைல்ஸுக்கு நடுவில் வழிந்த சிமெண்டுப் பாலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

அவள் சொல்லி முடித்தாள். கீழே யாரோ ஜல்லி கொட்டும் சத்தம் கேட்டது.

"அவ்ளோ ரூம் இருக்கச் சொல்ல, ஏன் எங்க ரூமு?" என்றான் கடைசியில்.

"எடை கம்மியா இருந்துச்சுண்ணா."

"எவ்ளோ?"

"அறுபத்தொண்ணு."

அவன் தலையாட்டினான். துணியைப் பிழிந்தான். பிறகு அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "நான் உள்ள இருந்திருந்தா?"

பெனிட்டா வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது அந்த எண்களை வரிசையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"சொல்லும்மா. நான் அறுபத்தஞ்சு, எழுபது கிலோ இருப்பேன். நானும் உள்ள இருந்திருந்தா, வேற ரூமு போயிருக்குமா? அதாம்மா ராத்திரி பகலா மண்டைல ஓடிக்கினே இருக்குது. கதவச் சாத்திக்கச் சொல்லிட்டு வந்தேனே. நான் வராம இருந்திருந்தா?"

அப்போதுதான் அவள் கவனித்தாள். எடையைப்பற்றி அவள் சொல்வதற்கு முன்னாலேயே அவன் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருந்திருப்பான், அவ்வளவுதான்.

"இல்லண்ணா," என்றாள். "உங்களுக்கு அடுத்து கம்மியா இருந்தது லைப்ரரி ரூம். புத்தகமெல்லாம் சேர்த்து நூத்தித் தொண்ணூத்து நாலு கிலோ. நீங்க உள்ள இருந்திருந்தாலும் உங்க ரூம்தான் கம்மி. அப்பவும் அதுதான் போயிருக்கும். நீங்களும் போயிருப்பீங்க."

"நெசமா?"

"கணக்கு பார்த்துட்டுத்தாண்ணா சொல்றேன்."

அவன் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். தோள்கள் மெல்லத் தளர்ந்து இறங்கின. அன்றிலிருந்து முதல் தடவையாக மூச்சு விடுகிறவன் மாதிரி இருந்தது. பிறகு முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டான். அவள் பக்கெட்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது அவன் மாடிப்படி வரை வந்தான். "உன்மேல கோவம் இருக்குது," என்றான். "இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்து சொன்னே பாரு."

அந்த நாற்பது ஏரிகள் இருக்கின்றனவே. விதியை மாற்றியே ஆக வேண்டும். பெனிட்டா விசாரணைக் குழுவுக்கு ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். எதையும் மறைக்காமல் எழுதினாள். சோதனை நாள் நடந்ததை அப்படியே எழுதினாள். கருவிகளுக்குப் புத்தகத்துக்கும் மனுஷிக்கும் வித்தியாசம் தெரியாது என்று எழுதினாள். ஓர் ஆள் கதவைத் திறந்து பார்க்காமல் இனி எந்தக் கொக்கியும் திறக்கக் கூடாது, இதை முதலில் சொன்னவன் இர்ஃபான், அதை மறுத்தது நான் என்று எழுதினாள். சாட்சியாகப் பதிவின் அட்டவணையைச் சேர்த்தாக வேண்டும். குழுவின் விசாரணை எல்லோரும் கேட்கும்படி நடப்பது. தணிகைவேலும் வருவான்.

ஐந்தாம் அறை என்ற கட்டத்தில் 94 என்று இருந்தது. வரிக்கு வரி அதற்கு முன்னால் ஒரு 1 சேர்த்தாள்.

நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்றாலும் வாதம் மாறாது. ஆளில்லாத அறையை விட்டுவிட்டு ஆளிருந்த அறையைக் கழற்றியது என்பது அப்போதும் உண்மைதான். விதி தவறு என்பதும் உண்மைதான். அதைப் பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அறிக்கையில் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஏழு பேர் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். இர்ஃபான் கல்லூரி கேண்டீனில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தான். அட்டவணைக்கு வந்ததும் நிறுத்தினான்.

"அஞ்சாவது அறை புத்தகத்தை எடை போட்டு அடுக்கினது நான்," என்றான். "அலமாரியோட சேர்த்துத் தொண்ணூத்தி நாலு."

பெனிட்டா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா அடிச்சிட்டியா?"

"இல்ல."

அவன் மறுபடி அட்டவணையைப் பார்த்தான். விரலால் ஏழாம் அறையின் வரியைத் தொட்டு மேலே போனான். நூற்று இருபத்தெட்டு, அறுபத்தொன்று. அவன் உதடுகள் கழித்துப் பார்ப்பது தெரிந்தது. கயிற்றில் தனக்குப் பின்னால் வந்து நின்றவன் யார் என்று அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்தது.

"அவர்கிட்ட என்ன சொன்னே?"

"அவர் உள்ள இருந்திருந்தாலும் அதேதான்னு சொன்னேன்."

இர்ஃபான் காகிதங்களை மேசைமேல் தட்டி ஒழுங்கு செய்தான். "இதுல அவர் வெளிய வந்ததாலதான்ங்கறது மறையுது, சரி. நீ கூப்பிட்டதாலங்கறதும் மறையுது இல்ல?"

"ம்."

"யாருக்காகப் பண்ணே பெனிட்டா?"

"அவருக்காகன்னுதான் ஆரம்பிச்சேன்," என்றாள் அவள். "சொல்லி முடிச்சதும் எனக்கு லேசா இருந்துச்சு இர்ஃபான். அவருக்கு லேசானதைப் பார்த்தா, எனக்கு லேசானதாலயான்னு தெரியல. இப்பவும் தெரியல."

அவன் கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பினான். "அன்னிக்கு வகுப்புல நான் இன்னும் ஒரு தடவை பேசியிருக்கணும்," என்றான். "ஒரே தடவைதான் பேசினேன். தோத்துட்டோம்னு கோவத்துல போயிட்டேன்." பேனாவை எடுத்தான். கையெழுத்தைப் போட்டான். அதற்குப் பிறகு இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

தை மாதம் விசாரணை நடந்தது. பெரிய கூடம், மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. குழுவில் மூன்று பேர். பெனிட்டாவின் அறிக்கையை முழுவதும் உரக்கப் படித்தார்கள். அட்டவணையையும் எண் எண்ணாகப் படித்தார்கள். ஐந்தாம் அறை, நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று படித்தபோது அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

குழு அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டது. நாற்பது ஏரிகளிலும் கொக்கிகளைக் கையால் மட்டுமே திறக்க வேண்டும், திறக்குமுன் ஓர் ஆள் உள்ளே பார்த்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. தன் தவறைத் தானே முன்வந்து சொல்வது அபூர்வம் என்று குழுத் தலைவர் சொன்னார். லோகநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாகத் தணிகைவேலைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு வந்திருந்தான். அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று தலைவர் கேட்டார்.

அவன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டான். "நான் படிச்சவன் இல்ல சார். அந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரியாது. என் பொண்டாட்டியும் கொழந்தையும் போனதுக்கு யாரு காரணம்னு நீங்க எழுதிக்கங்க. நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். இந்தப் பொண்ணு நான் வேல செய்ற எடத்துக்குத் தேடிக்கினு வந்து ஒண்ணு விடாம எங்கிட்ட சொல்லிச்சு. சொல்லணும்னு அதுக்குத் தேவையே இல்ல. அது வந்து சொல்லலன்னா, நான் வெளிய வந்ததாலதான் அவுங்க செத்தாங்கன்னு நெனச்சிக்கினே நானும் போயிருப்பேன். ரெண்டு தடவ ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வந்தவன் சார் நான். அதான். வேற ஒண்ணும் இல்ல."

தலைவர் எழுத்தரைப் பார்த்து, "அவர் சொன்னதை அப்படியே எழுதிக்குங்க," என்றார். எழுத்தர் தட்டச்சு செய்து முடித்து, திருப்பிப் படித்துக் காட்டினார்: மாணவி பெனிட்டா நடந்தவற்றை ஒன்று விடாமல் தெரிவித்தார்.

தலைவர் பெனிட்டாவின் பக்கம் திரும்பினார். "சரிதானேம்மா?"

தணிகைவேலும் திரும்பி அவளைப் பார்த்தான்.

"சரிதான் சார்," என்றாள் பெனிட்டா.